சேலைப் பை பஸ்ஸுலயே பிஞ்சு போச்சு, கைப்பிடியை எப்படித்தான் தைக்கிறது?

குடமுருட்டிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாபநாசம் பக்கத்துக் கிராமம். வீட்டுல கால் மிஷின் ஒண்ணு இருக்கு, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி என் சீரோட வந்தது. முறையாத் தையல் கத்துக்கிட்டதில்ல. தலையணை உறை, உள்பாவாடை, பசங்க யூனிஃபார்ம்ல பிஞ்ச இடம், அந்த அளவுக்குத்தான் என் வித்தை.

சித்திரையில பரணைச் சுத்தம் பண்ணினப்ப எங்க அத்தை அவங்க டிரங்குப் பெட்டியைத் திறந்து விட்டாங்க. பதினேழு சேலை. எட்டு நூல் சேலை, நாலு சுங்குடி, மூணு வாயில் சேலை, ரெண்டு பட்டு. "கட்டவும் முடியல, கழிக்கவும் மனசு வரல. பூச்சி அரிக்கறதுக்குள்ள நீ எதையாவது பண்ணு"ன்னு சொல்லிட்டு டிவி பாக்கப் போயிட்டாங்க. கூடவே ரெண்டு ஜன்னல் திரை, மாமாவோட மூணு கைலி, நாலு பெட்ஷீட்டு.

பை தைக்கலாம்னு முடிவு பண்ணினேன். ஒருதடவை தூக்கிப் போடுற பிளாஸ்டிக்கெல்லாம் 2019 ஜனவரியிலேர்ந்து தடைன்னு பேரு, ஆனா எங்க வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி இன்னும் ஒரு மூட்டை கேரி பேக் தொங்குது. அதைப் பாக்கும்போதெல்லாம் எரிச்சலா வரும்.

முதல் பை, காப்பிக்கொட்டை கலர்ல கடுகுக்கலர் கரை போட்ட நூல் சேலை. 14 இஞ்ச் அகலம், 16 இஞ்ச் உயரம். ஆத்துல தண்ணி வந்து, எங்க வீட்டுக்காரர் நடவுக்கு ஆள் தேடி அலைஞ்சுகிட்டிருந்த ஒரு மத்தியானத்துல உக்காந்து முடிச்சேன். பாக்க அவ்வளவு லட்சணமா இருந்துது. நானே ரெண்டு தடவை கண்ணாடி முன்னாடி மாட்டிப் பாத்தேன்னா பாத்துக்குங்க.

மறுநாள் அதை எடுத்துகிட்டு தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போனேன். ஆறு தேங்காய், ரெண்டு கிலோ கத்திரிக்காய், ஒரு வாழைப்பூ, மூணு கிலோ சின்ன வெங்காயம். திரும்பி வரும்போது பஸ் படியில காலை வச்சு, பையை மேல தூக்கினேன். கைப்பிடி மட்டும் என் கையோட வந்துது. கத்திரிக்காய் டிரைவர் சீட்டு வரைக்கும் உருண்டு போச்சு. கண்டக்டர், "அம்மா, டிக்கெட்டுதான் ஃப்ரீ, கத்திரிக்காயும் ஃப்ரீயா?"ன்னு கேட்டாரு, பஸ்ஸே சிரிக்குது. எல்லாரும் பொறுக்கிக் கொடுத்தாங்க, ஒரு தேங்காய் மட்டும் வரல.

வீட்டுக்கு வந்து பாத்தா நூல் எங்கயும் அறுபடல. கைப்பிடியும் நல்லாத்தான் இருக்கு. அது தைச்சிருந்த இடத்துல, பைத்துணி அப்படியே ஒரு சதுரமா பேந்து கைப்பிடியோட ஒட்டிகிட்டு வந்திருக்கு. இத்தனைக்கும் அந்த இடத்துல மூணு தடவை முன்னும் பின்னும், பொடிப்பொடியா, நெருக்கமாத் தையல் ஓட்டியிருந்தேன்.

ரெண்டாவது பை ஜன்னல் திரையில. அது அதுக்கும் மேல. காலிப் பையைத் தோள்ல மாட்டும்போதே காகிதம் மாதிரி பர்ருன்னு போச்சு. கைலியில தைச்ச மூணாவதுல கீழ்ப்பக்கம் நூல் கொத்துக் கொத்தா சிக்கிகிட்டு நிக்குது.

பழைய துணின்னாலே இப்படித்தானா, இல்ல நான் தைக்கிற முறையில தப்பா?

இன்னொரு சந்தேகமும் இருக்கு. எங்க நாத்தனார் மகளுக்கு ஆவணியில வளைகாப்பு. தாம்பூலப் பை 60 வேணும், "நீதான் பை தைக்கிறியாமே அத்தை, நீயே தைச்சுக் கொடு"ன்னு அந்தப் பொண்ணு ஆசையாக் கேட்டுச்சு. சுங்குடியில தைக்கலாம்னு நினைச்சேன். எங்க ஓரகத்தி உடனே, "கட்டிக் கழிச்ச துணியிலயா தாம்பூலம் கொடுப்பாங்க? வர்றவங்க என்ன நினைப்பாங்க"ன்னு ஒரு வெட்டு வெட்டினாங்க. அத்தை வாயே திறக்கல. இதுக்கு உங்க ஊருல என்ன வழக்கம்?


மன்னார்குடி மைனர்:

எதுக்குங்க இவ்வளவு பாடு. எந்தக் கடையில சேலை எடுத்தாலும் கட்டைப் பை தர்றான். எங்க வீட்டுல பீரோவுக்கு மேல மட்டும் முப்பது நிக்குது. ஒண்ணு அனுப்பவா?


காஜா பட்டன்:

தங்கச்சி, நான் கும்பகோணத்துல நாற்பத்தோரு வருஷம் தையல் கடை வச்சிருந்தவன். இப்ப ஊசி கோக்கக் கண்ணு ஒத்துழைக்கல, மகன் பாத்துக்கறான். பேரைப் பாத்துட்டு கஜா புயலான்னு கேக்காதீங்க, 2018லேர்ந்து அந்தக் கேள்விக்கு பதில் சொல்லியே அலுத்துட்டேன். பட்டன் மாட்டுற ஓட்டைக்கு எங்க தொழில்ல காஜான்னு பேரு.

"நூல் எங்கயும் அறுபடல"ன்னு எழுதினீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. எந்தத் தையல் பிரிஞ்சு வந்தாலும் நான் முதல்ல கேக்கறது, நூல் அறுந்துதா, துணி கிழிஞ்சுதான்னுதான். நூல் அறுந்தா தைச்சவன் மேல தப்பு. துணி கிழிஞ்சா, எந்த இடத்துல பாரத்தை ஏத்தறதுன்னு யோசிச்சவன் மேல தப்பு. உங்க பேந்த துணியை எடுத்து ஓரத்தைப் பாருங்க. தபால்தலை ஓரம் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும். பொடித் தையல் மூணு வாட்டி ஓட்டினீங்கள்ல, அத்தனையும் ஊசி ஓட்டை. நைஞ்ச துணியில நெருக்கமா ஓட்டை போட்டா, இங்க கிழின்னு கோடு போட்டுக் கொடுத்த மாதிரிதான். புதுத் துணி அதைத் தாங்கும், முப்பது வருஷம் துவைச்ச துணி தாங்காது. இஞ்சுக்கு எட்டுத் தையல் போதும். கெட்டித் தையல் வேணும்னா ஒரே கோட்டுல திரும்பத் திரும்ப ஓட்டாம, ஒன்றரை இஞ்ச் சதுரம் அடிச்சு, உள்ள மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுங்க. அந்த இடத்துக்குப் பின்னால உள்பக்கமா ரெண்டு மடிப்புத் துணி ஒட்டு வைக்காம ஊசியை இறக்காதீங்க.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. பழைய துணியில பை தைக்கும்போது பைத்துணி மேல பாரமே விழக்கூடாது. பாரம் பூரா கைப்பிடிப் பட்டைக்குப் போகணும். பட்டையை மேல் மடிப்போட நிறுத்தாதீங்க. அடியில ஆரம்பிச்சு பின்பக்கம் ஏத்தி, மேல கைப்பிடியா வளைச்சு, மறுபடி பின்பக்கம் இறக்கி, அடியில கொடுத்து, முன்பக்கம் ஏத்தி, அங்கயும் கைப்பிடியா வளைச்சு, முன்பக்கம் இறக்கி, ஆரம்பிச்ச இடத்துக்கே கொண்டு வந்து மூட்டிடுங்க. ஒரே வளையம். ஊஞ்சல் பலகையைச் சங்கிலி தாங்குற மாதிரி அந்தப் பட்டை பையைத் தாங்கும், துணி சும்மா சுவர் மாதிரி நிக்கும்.

உங்க அளவுக்குக் கணக்கு சொல்றேன். உயரம் 16, நாலு இடத்துல ஏறி இறங்கினா 64. அடி அகலம் 4, ரெண்டு தடவை, 8. கைப்பிடி ஒண்ணு 22 வீதம் ரெண்டு, 44. மொத்தம் 116 இஞ்ச், மூணேகால் கஜம்னு வச்சுக்குங்க. மூட்டுப் போடுறதைக் கைப்பிடியில வச்சுடாதீங்க, அடியில வரட்டும்.

பட்டைக்குத் துணி எங்க எடுக்கறதுன்னு கேப்பீங்க. ஒரு துணி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பழசாகறதில்ல. சேலையில உள்ள சொருகுற முனை, இடுப்பு மடிப்பு, காலடியில உரசுற கீழ் ஓரம், இதெல்லாம் போயிருக்கும். மேல் கரை நல்லா இருக்கும். வேட்டி, கைலியில உக்கார்ற இடம் மெலிஞ்சிருக்கும். பெட்ஷீட்டுல நடுவு போயிருக்கும், ரெண்டு ஓரமும் மெத்தைக்கு அடியில மடிச்சே கிடந்ததால புதுசு மாதிரி இருக்கும். வெட்டறதுக்கு முன்னாடி துணியை வாசல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, மெலிஞ்ச இடம் சல்லடையாத் தெரியும். அப்புறம் ரெண்டு கட்டைவிரலையும் சேர்த்து வச்சு வெடுக்குன்னு ஒரு இழு. சத்தம் கேட்டா அது கரித்துணி, ஆசைப்படாதீங்க.

உங்க ஜன்னல் திரை அந்தக் கேஸ்தான். அது வெயில் தின்ன துணி. சாயம் வெளுத்த பக்கமெல்லாம் உள்ளுக்குள்ள இத்துப் போயிருக்கும். கம்பியில மாட்டுற மேல் மடிப்புக்குள்ளயும், கீழ் மடிப்புக்குள்ளயும் வெயில் படாத நாலு விரல் துணி மிஞ்சும், வேணும்னா அதை எடுத்துக்குங்க.

எல்லாத்தையும்விட நல்ல பட்டை ஈஸி சேர் துணி. அந்தக் கோடு போட்ட கித்தான். ஆளையே தாங்கினது, ஆறு தேங்காயைத் தாங்காதா? நடுவுல தொய்ஞ்ச பாகத்தை விட்டுட்டு ரெண்டு ஓரத்தையும் நீளவாக்குல வெட்டிக்கிட்டு, நாலா மடிச்சுத் தைச்சா ஒரு இஞ்ச் பட்டை கல்லு மாதிரி இருக்கும். உங்க வீட்டுப் பரண்ல இல்லாமலா போயிடும், தஞ்சாவூர் ஜில்லா வீடு!

உள்லைனிங்குக்கு உள்பாவாடை பாப்ளின். கிழியறதே இல்ல, கொடுத்தா வாங்கிக்கறவனும் கிடையாது, எல்லார் வீட்டுலயும் சும்மா கிடக்கும். கம்பி ஒடிஞ்ச குடைத் துணியும் ஆகும். கீரை, ஈரக் காய் வச்சா வெளிய கசியாது.

அடியில அகலம் வரணும்னா மூலையை முக்கோணமாப் பிடிச்சு, முனையிலேர்ந்து உள்ள தள்ளி குறுக்கே நாலு இஞ்ச் தையல் ஓட்டுங்க. நுனியை வெட்டி எறியாதீங்க, அதை அடிப்பக்கமா மடக்கி லைனிங்குக்கும் வெளித்துணிக்கும் நடுவுல வச்சுத் தைச்சுடுங்க. அடி கெட்டியாகும்.

கீழ நூல் கொத்துக் கொத்தா வர்றதுக்கு நூறு பேர் கீழ் நூல் இருக்கிற பாபின் கேஸைத்தான் திருகுவாங்க. தொடாதீங்க. மேல் நூல் தளர்ந்திருக்கு. துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் காலைத் தூக்கி வச்சுகிட்டு மேல் நூலை முதல்லேர்ந்து கோத்துடுங்க, நூலை இறுக்கிப் பிடிக்கிற ரெண்டு தட்டுக்கு நடுவுல சரியா உக்காரட்டும். அதுலயே முக்கால்வாசி சரியாகிடும். சேலைத் துணிக்கு 14 நம்பர் ஊசி, பட்டை சேர்ற இடத்துக்கு 16. தடிச்ச மடிப்பு மேல மிதிச்சு ஓட்டாதீங்க, சக்கரத்தைக் கையால சுத்துங்க. துவைக்கிற சோப்பை அந்த இடத்துல லேசா ஒரு கோடு தேச்சா ஊசி வழுக்கிகிட்டு இறங்கும்.

தாம்பூல விஷயம் பொம்பளைங்க சமாச்சாரம், நான் வாயைக் கொடுக்கல.


குடமுருட்டிக்காரி:

அண்ணே, பேந்த துண்டை எடுத்துப் பாத்தேன். நீங்க சொன்ன அதே புள்ளி புள்ளி. அசந்து போயிட்டேன். ஒரு சந்தேகம். கரையை நீளவாக்குல வெட்டிப் பட்டை எடுக்கறேன், சரி. உடம்புத் துணியில குறுக்கு வாட்டத்துல எடுத்தா ஆகாதா? துண்டு துண்டா நிறைய மிஞ்சுது.


தறிமேடை:

நான் சொல்லலாமா? திருபுவனம், தறி வீடு. எங்கப்பாவும் பெரியப்பாவும் பட்டுதான் நெய்யறாங்க, நான் வாக்கப்பட்டதும் தறிக்காரர் வீடுதான்.

குறுக்கால எடுக்காதீங்க அக்கா. சேலையில நீளத்துக்கு ஓடுறது பாவு, குறுக்கால ஓடுறது ஊடை. பாவு நூல் தறியில விறைப்பா இழுத்துக் கட்டி, நெய்யற அத்தனை நாளும் அடி வாங்கணும். அதனால அதுக்கு முறுக்கு அதிகமா ஏத்துவாங்க, நூல் சேலைன்னா கஞ்சியும் போடுவாங்க. ஊடை பாவுக்கு நடுவுல சும்மா போய் வர்றது, அதுக்கு அந்த உரம் கிடையாது. அதான் சேலை கிழிஞ்சா பெரும்பாலும் நெடுக்கால நீளமாக் கிழியுது, அறுந்துபோறது ஊடைதான். பட்டை எப்பவும் பாவு வாட்டம். கோணலா, மூலைவாட்டத்துல மட்டும் வெட்டிடாதீங்க, ரப்பர் மாதிரி இழுத்துகிட்டு பை முழங்காலுக்குத் தொங்கும்.

அந்த ரெண்டு பட்டுச் சேலையைப் பத்தி யாரும் கேக்கலையே, எனக்கு அடிச்சுக்குது. பட்டு மடிச்ச மடிப்புலயே வருஷக் கணக்கா கிடந்தா அந்த மடிப்புக் கோட்டுலயே விட்டுப் போகும். பிரிச்சுப் பாருங்க, கோடு கோடா வெடிச்சிருந்தா பாரம் தூக்குற பைக்கு அது ஆகவே ஆகாது. சுருக்குப் பை, நகைப் பை தைக்கலாம், அதுவும் பின்னாடி ஒரு நூல் துணி வச்சு ரெண்டையும் சேர்த்துத் தைச்சுகிட்டு. கத்திரியை வைக்கறதுக்கு முன்னாடி ஜரிகையைப் பாத்துக்குங்க. அத்தை கல்யாணத்துப் பட்டுன்னா அசல் ஜரிகையா இருக்கலாம். வெள்ளி இழைக்கு மேல தங்க முலாம் ஏத்தினது. தெருவுல "பழைய பட்டுப் புடவை வாங்கறது"ன்னு கூவிகிட்டு வர்றவங்க எதுக்கு வர்றாங்கன்னு நினைக்கிறீங்க? துணிக்காக இல்ல. கரையைத் தனியா வெட்டிப் பத்திரப்படுத்துங்க, எடை போட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

சாயம் பத்தி ஒண்ணு. அத்தனை வருஷம் துவைச்ச சேலை இனிமே சாயம் விடாது, விட வேண்டியதெல்லாம் எப்பவோ விட்டிருக்கும். அதுல பழசுக்குத்தான் மதிப்பு. புதுத் துணியைச் சேத்துத் தைக்கும்போதுதான் பயம். ஒரு வெள்ளைத் துணியை நனைச்சு அழுத்தித் தேச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா தனியாத் துவைச்சுட்டுத் தைங்க.


கடைமடை:

உங்க ஊருக்குத் தண்ணி வந்துடுச்சு, நடவே நடக்குது. மேட்டூரு ஜூன் 12 திறந்தாலும் எங்க வேதாரண்யம் பக்கத்துக்கு எப்ப வந்து சேரும்னு யாரைக் கேக்கறது. சரி, அது இந்த இடத்துல பேசற கதை இல்ல.

நான் துணியில தைக்கிறதில்ல. மீன் வாங்கப் போற பை எனக்கு. அரிசி வர்ற பிளாஸ்டிக் நெசவு மூட்டை இருக்குல்ல, 2022ல 25 கிலோ வரைக்கும் உள்ள மூட்டைக்கு வரி போட்டதும் 25 கிலோ 26 கிலோவா மாறுச்சே, அதே மூட்டை. அதை உள்ள வச்சு, வெளிய பழைய கைலியைக் கொடுத்து அம்மா தைச்சுக் கொடுத்தாங்க. கழுவிக் கவிழ்த்தா காய்ஞ்சுடும். அம்மா சொல்லச் சொன்னது: வெட்டின ஓரம் நார் நாராப் பிரியும், அதனால ரெண்டு மடிப்பு மடிச்சு, இல்லைன்னா துணிப் பட்டை வச்சு மூடித்தான் தைக்கணும். ஐயன் பாக்ஸ் பக்கமே கொண்டு போகாதீங்க, சுருங்கிடும். மாடியில வெயில்ல கிடந்த மூட்டை வேண்டாம், கையில எடுத்தாலே பொடிப்பொடியா உதிரும். கஜாவுக்கு அப்புறம் கூரையில கட்டினதை எடுத்து ஒண்ணு தைச்சுப் பாத்தாங்க, மீனெல்லாம் பிளாஸ்டிக் தூள்.


மூணாம் வீட்டு மாமி:

இங்க யாரும் அந்தப் பொண்ணு வளைகாப்பைப் பத்திப் பேசவே இல்லையே. இருங்கோ, நான் சொல்றேன்.

உங்க ஓரகத்தி சொல்றதுல அர்த்தம் இருக்கும்மா, கோச்சுக்காதீங்கோ. சுத்தம் பத்தி இல்ல. பழசுல தூளி கட்டறோம், குழந்தைக்கு விரிக்கறதே பாட்டியோட நைஞ்ச புடவைதான், மெத்துனு இருக்கும்னு. ஆனா மத்தவாளுக்கு மங்களமா ஒண்ணு கொடுக்கறச்சே கட்டாத துணியா இருக்கணும்னு ஒரு எண்ணம். அறுபது பேர்ல நாலு பேர் முகம் சுளிச்சாலும் அது அந்தப் பொண்ணுக்குத்தான் வருத்தம்.

ஆனா பழசுல, கட்டாத துணின்னு ஒண்ணு எல்லார் ஆத்துலயும் இருக்கு. பீரோவோட கீழ் தட்டைத் திறந்து பாருங்கோ. ரவிக்கைத் துணி! கல்யாணம், நலுங்கு, கொலு, சுமங்கலிப் பிரார்த்தனைன்னு வச்சுக் கொடுத்து வச்சுக் கொடுத்து வந்தது. யாரும் தைச்சுக்கறதில்ல. நான் உங்களுக்கு, நீங்க அவளுக்கு, அவ எனக்கு. என்கிட்ட ஒரு மாம்பழக் கலர் பிட்டு இருக்கு, அது இந்தத் தெருவை எத்தனை பிரதட்சணம் பண்ணித்தோ எனக்கே தெரியாது. அதைப் பையாத் தைச்சு அதுக்குள்ளேயே வெத்தலை, பாக்கு, மஞ்சள் வச்சுக் கொடுங்கோ. தாம்பூலத்துல வந்தது தாம்பூலமாவே போகட்டும். ஓரகத்தியால ஒரு வார்த்தை பேச முடியாது.


காஜா பட்டன்:

மாமி சொன்னது அருமையான யோசனை. இதுக்கு நான் வாயைக் கொடுக்கலாம், ஏன்னா இது கணக்கு.

ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச். பன்னா, அதான் துணியோட அகலம், 36. அந்த முப்பத்தொன்றரையை ஒன்பது ஒன்பதா மூணு பட்டையாக் கிழிங்க, 27 போகும், நாலரை மிஞ்சும். ஒவ்வொரு பட்டையும் 36 நீளம் இருக்கும், அதுல 23 எடுத்து ரெண்டா மடிச்சா ஒரு பை. பக்கத்துக்கு அரை அரை, மேல ஒன்றரை ஒன்றரை மடிப்பு போக 8க்கு 10 பை நிக்கும். மிஞ்சின நாலரையில ரெண்டு இஞ்ச் பட்டை ரெண்டு எடுத்தா 72 இஞ்ச். ஒரு பைக்குக் கைப்பிடி 12 வீதம் ரெண்டு, 24. மூணு பைக்கு 72. சரியா வருது பாருங்க. ஆக ஒரு பிட்டுக்கு மூணு பை, அறுபதுக்கு இருபது பிட்டு. ஒன்பதுக்குப் பதிமூணு துண்டு மூணு மிஞ்சும், அதைக் கைப்பிடி சேர்ற இடத்துல உள் ஒட்டா வச்சுடுங்க. தேங்காய் வைக்கப் போறீங்க, மறந்துடாதீங்க.

ஓரம் பிரியாம தைக்கிற ஓவர்லாக் மிஷின் இல்லைன்னு கவலைப்படாதீங்க. முதல்ல நல்ல பக்கம் வெளிய தெரிய கால் இஞ்சுல ஒரு தையல், அப்புறம் உள்ள திருப்பி இன்னொரு கால் இஞ்ச். பிசிறு உள்ளுக்குள்ளயே மாட்டிக்கும்.


மன்னார்குடி மைனர்:

பீரோவைத் திறந்து பாத்தேன். கட்டைப் பை உள்ளயே பதினொரு ரவிக்கைத் துணி இருக்கு. அம்மாகிட்ட கேட்டா, "கையை வைக்காத, வர்ற வெள்ளிக்கிழமைக்கு வேணும்"ங்கறாங்க.


குடமுருட்டிக்காரி:

ஆடிப்பெருக்கு முடிஞ்சுதான் உக்கார நேரம் கிடைச்சுது, மன்னிச்சுக்குங்க. நடந்ததைச் சொல்லிடறேன்.

காப்பிக்கொட்டைச் சேலையிலயே மறுபடி தைச்சேன். கிழிஞ்ச சதுரத்துக்கு மேல அதே கரையை வச்சு மூடினேன், பாத்தா வேணும்னே வச்ச மாதிரி இருக்கு. லைனிங் உள்பாவாடை. கைப்பிடிக்கு ஈஸி சேர் துணி. காஜா பட்டன் அண்ணன் சொன்னது அப்படியே பலிச்சுது, பரண்ல கடைசி மூலையில, கட்டை ஒடிஞ்சு போன சேரோட துணி சுருட்டி வச்சிருந்துது. பச்சையும் வெள்ளையும் கோடு. மிஷின்ல ரெண்டு ஊசி ஒடிச்சேன். மூணாவதை மாட்டினப்பதான் சோப்பு ஞாபகம் வந்துது.

பஸ்ஸுல இன்னொரு தடவை சிரிப்பா சிரிக்க முடியாதுன்னு, வீட்டுலயே சோதிச்சுப் பாத்தேன். பசங்களுக்குத் தூளி கட்டின கொக்கி இன்னும் உத்திரத்துல இருக்கு. அதுல பையை மாட்டி, பத்து கிலோ புழுங்கலரிசியைக் கொட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில இறக்கிப் பாத்தா ஒரு தையல் அசையல. அரிசியை மறுபடி டின்ல கொட்டறப்பதான் கொஞ்சம் சிந்திச்சு, அதுக்கு அத்தைகிட்ட வாங்கிக் கட்டிகிட்டேன்.

பட்டுச் சேலையைப் பிரிச்சுப் பாத்தேன் தறிமேடை. ஒண்ணு மடிப்புக்கு மடிப்பு வெடிச்சிருக்கு. இன்னொண்ணை அத்தை கையிலேர்ந்து வாங்கவே முடியல. பிரிச்சுப் பாத்துட்டு மடியில வச்சுகிட்டு, "இது இருக்கட்டும், இதைக் கேக்காத"ன்னுட்டாங்க. கேக்கல.

ரவிக்கைத் துணி எங்க வீட்டுல மட்டும் முப்பத்தி நாலு! வாசனைக்கு வச்ச ரசகற்பூரம் கரைஞ்சு போற அளவுக்குப் பழசு. அண்ணன் கணக்கு சரிதான், ஆனா எட்டுத் துணி 80 இல்ல. அளந்தா 75தான் வருது. ஒன்பது ஒன்பதா மூணு எடுத்ததும் மிச்சம் கைப்பிடிக்குப் பத்தல, ரெண்டு இஞ்ச்ல ஒரே ஒரு பட்டைதான் தேறிச்சு. அதுக்கெல்லாம் பெட்ஷீட்டு ஓரத்துல கைப்பிடி போட்டேன், அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கு. ஒரு பளபளா துணி ஐயன் பாக்ஸ்ல ஒட்டிகிட்டு உருகியே போச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டு, இருபத்தோரு பிட்டுல 63 பை. மூணு கூடுதல், யாராவது கூடக் கேப்பாங்க.

இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். அடுக்குல கீழேருந்து ஒரு ஆனந்தா நீலத் துணி வந்துது, ஓரத்துல பேனா மை பட்ட ஒரு பொட்டு. எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு யோசிச்சுகிட்டே இருந்தேன். மகாமகம் வந்த 2016ல நான் எங்க ஓரகத்திக்கு வச்சுக் கொடுத்த துணி! என் சின்னவன் அன்னைக்கு மை கொட்டினது. அது எத்தனை வீடு போச்சோ, யார் கையால திரும்பி என் பீரோவுக்கே வந்துச்சோ. அந்தப் பையை மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன், வளைகாப்பு அன்னைக்கு ஓரகத்திக்கு என் கையாலயே கொடுக்கறதுக்கு. பொட்டு வெளிய தெரியற மாதிரிதான் மடிச்சிருக்கேன்.

சேலைப் பையை இப்ப எங்க மாமாதான் தினமும் கடைத்தெருவுக்கு எடுத்துகிட்டுப் போறாரு. கை வலிக்கலையாம். நேத்து வெத்தலை, வாழைப்பழம் வாங்கிட்டு வந்து திண்ணையில வச்சவரு, கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏம்மா, அந்தச் சேருக்குக் கட்டை மாத்தறதுக்கு ஆசாரியை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன், அதோட துணி பரண்லதானே இருக்கு?"ன்னாரு.

காஜா பட்டன் அண்ணே, அந்தக் கோடு போட்ட கித்தான் கும்பகோணத்துல எந்தத் தெருவுல கிடைக்கும்? ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வேணும்.